வீரய்யா வண்டி நின்ற இடம்

அன்னவாசலுக்கும் இலுப்பூருக்கும் நடுவே ஓடிய மாட்டு வண்டிகளில் 'நிக்காத வண்டி' என்று பெயர் எடுத்தது வீரய்யாவின் வண்டிதான். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடிய யுத்த காலம் அது. ஒருநாள் மேட்டில் ஏற முடியாமல் மூச்சு முட்டிய பஸ் ஒன்றை அவர் தாண்டிப் போய்விட்டார். பஸ்ஸைத் தாண்டிய கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அப்போது அந்தப் பஸ் நின்றுகொண்டிருந்தது என்பதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஏற்றியது பானை. குயவர் மூக்கன் சூளை பிரித்ததும் சட்டி, பானை, குதிர்மூடி எல்லாம் வீரய்யா வண்டியில்தான் இலுப்பூர்ச் சந்தைக்குப் போகும். பானை ஏற்றிய வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். வீரய்யாவுக்கு உலகத்தோடு அவ்வளவு பழக்கம் கிடையாது. வைக்கோலை இறுக்கித் திணித்து, பானைக்குப் பானை மூச்சு விடக்கூட இடமில்லாமல் மூக்கனை அடுக்கச் சொல்லிவிட்டு ஓட்டுவார். சாட்டை கிடையாது, தார்க்குச்சி கிடையாது. நாக்கை மேல்வாயில் ஒட்டி இழுத்துவிடுவார். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு டொக்கு என்றால் நட. இரண்டு டொக்கு என்றால் ஓடு. மயிலைக்கும் செவலைக்கும், அதாவது அவருடைய இரண்டு மாடுகளுக்கும், தெரிந்த படிப்பு அவ்வளவுதான். வீரய்யா படித்ததும் ஏறக்குறைய அதே வகுப்புதான்.

இந்த அவசரம் சும்மா வந்ததில்லை. அவருடைய அப்பா வெள்ளைச்சாமியும் வண்டிக்காரர்தான். ஆனால் அந்த வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கரையில் ஆள் நின்றால் நிற்பார். நுங்கு வெட்டினால் நிற்பார். எதுவும் இல்லையென்றால், ஏன் எதுவுமில்லை என்று விசாரிக்க நிற்பார். சந்தை கலையும் நேரத்துக்கு வண்டி போய்ச் சேரும். விற்காத பானைகளோடு பட்டினியாகத் திரும்பிய ராத்திரிகள் சின்ன வயசு வீரய்யாவின் வயிற்றில் அப்படியே தங்கிவிட்டன. நம் வண்டி நிற்காது என்று அன்றைக்கு முடிவு செய்தவர், பிறகு அதைப் பற்றி யோசிக்கக்கூட நிற்கவில்லை.

கோழி கூவும்போது கிளம்புவார். பிள்ளைகள் தூங்கின பிறகு வந்து சேருவார். சந்தை இல்லாத நாளிலும் விறகு, எரு, வரகு வைக்கோல் என்று ஏதாவது ஒரு பாரம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இப்படியே மகன் நாகராசுவுக்கு ஒன்பது வயசும் மகள் சொர்ணவல்லிக்கு நாலு வயசும் ஆகிவிட்டது.

ஒருநாள் அச்சு முறிந்து, உச்சி வெயிலிலேயே வீடு திரும்ப வேண்டியதாயிற்று. வாசலில் சொர்ணம் கொட்டாங்கச்சியில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றது.

"வாங்க. ஒக்காருங்க. எங்கப்பா சந்தைக்குப் போயிருக்காக" என்றது.

வீரய்யா பின்னால் திரும்பிப் பார்த்தார். அவரைத் தவிர அங்கே யாருமில்லை.

"ஆத்தா!" என்று பிள்ளை உள்ளே பார்த்துக் கத்தியது. "வண்டிக்காரவுக வந்திருக்காக! தண்ணி கேக்குறாக!"

அவர் தண்ணீர் கேட்கவேயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அதன் ஆத்தா சொல்லிக்கொடுத்திருந்தாள். வருகிறவர்களெல்லாம் 'வண்டிக்காரர் இருக்காரா?' என்றுதானே கேட்கிறார்கள்? ஆக, வண்டிக்காரர் என்று ஒருத்தர் இருக்கிறார். அப்பா என்று இன்னொருத்தர் சந்தையில் இருக்கிறார். பிள்ளையின் கணக்கில் தப்பே கிடையாது.

காத்தாயி வெளியே வந்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத பிறவி அவள். செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து, "குடிங்க வண்டிக்காரரே" என்று நீட்டினாள். தண்ணீர் பாதி செம்பில் இருந்தது, மீதி அவள் சிரிப்பில் தரையில் போனது.

வீரய்யாவும் சிரித்தார். ஆனால் சாயந்தரம் அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்ட விதத்தைப் பார்த்தபோது காத்தாயிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மயிலைக்கு முன்னால் போட வேண்டியதைச் சுவருக்கு முன்னால் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"பெத்த பிள்ளை என்னை விருந்தாளிங்குது, காத்தாயி."

"ரெண்டு நாளைக்கு வீட்டுல இருந்து பாருங்களேன்."

"சந்தைக்கு யாரு போறது? ஒங்க அப்பனா?"

காத்தாயி மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருக்கும் காத்தாயியை நம்பக் கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், வீரய்யாவைத் தவிர.

அடுத்த சந்தை நாள். வண்டி ஊர் தாண்டியபோது கிழக்கே சூரியன் பனை உயரத்துக்கு வந்துவிட்டது. காற்று நன்றாக இருந்தது. வீரய்யா இரண்டு டொக்குப் போடலாமா என்று யோசித்தபோது, பின்னாலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது.

"வண்டிக்காரரே... நிப்பாட்டுங்க... ஒண்ணுக்கு வருது..."

பகலில் முனி வராது என்பார்கள். வந்தாலும் ஒண்ணுக்கு வருது என்று சொல்லாது. வீரய்யா துணிந்து திரும்பிப் பார்த்தார். மேலடுக்கில் இருந்த பெரிய பானைக்கு இரண்டு கால் முளைத்திருந்தது. பானையைத் தூக்கினால் உள்ளே நாகராசு, பல்லெல்லாம் வெளியே. பக்கத்தில் வைக்கோலுக்குள் சொர்ணம், வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

"எலேய்! நீங்க எப்படா ஏறுனீங்க?"

"ஆத்தா ஏத்திவிட்டுச்சு. பானை அடுக்கையிலயே எங்களையும் சேத்து அடுக்கிப்புட்டாக."

"அடுக்குனது மூக்கன்ல?"

"மூக்கன் மாமாதான் மேல வைக்கோலப் போட்டு மூடுனாக. தும்முனா பானை ஒடஞ்சிரும், தும்மாதீங்கன்னாக."

"திரும்பப் போயி விட்டுட்டு வரக்கூட நேரமில்லையேடா!"

"நேரமில்லைம்பாக, திருப்ப மாட்டாகன்னு ஆத்தாவும் சொன்னுச்சு" என்று சொல்லிவிட்டு நாகராசு ஓரமாகக் குதித்து, வந்த வேலையைப் பார்த்தான். வண்டி அவனுக்காக நிற்கவில்லை. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினான்.

இந்தச் சத்தத்தில் சொர்ணம் விழித்துக்கொண்டது. தலையெல்லாம் வைக்கோல். கண்ணைக் கசக்கிவிட்டு, "எங்கிட்டுப் போறோம்?" என்றது.

"சந்தைக்கு" என்றான் அண்ணன்காரன்.

"அப்பாவப் பாக்கவா?"

நாகராசு சிரிப்பை அடக்கக் கையிலிருந்த பானைக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். பானை குலுங்கியது. வீரய்யா முன்னால் பார்த்தபடி, "நான்தான் தாயி அப்பா" என்றார்.

சொர்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தது.

"நீங்க வண்டிக்காரவுக" என்று, தெரியாத ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னது.

வீரய்யா இரண்டு டொக்குப் போட்டார்.

பாதை கண்மாய்க் கரையில் ஏறும் இடத்தில் வண்டி தானாக நின்றது. கரை கொள்ளாத கூட்டம். ஆம்பிளை, பொம்பிளை, பிள்ளை குட்டி எல்லார் கையிலும் வலை, கூடை, துண்டு, ஊத்தா. ஊத்தா என்றால் இரண்டு பக்கமும் வாய் திறந்த, அடியில்லாத கூடை. சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் உள்ளே மாட்டிய மீன் கிடைக்கும். கண்மாயில் முழங்கால் தண்ணீரும் சேறும்தான் மிச்சம். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றும்போது அந்த ஊரார் ஒரு நாள் குறித்து, எல்லாருமாக இறங்கி மீன் பிடிப்பார்கள். வழிப்போக்கனும் இறங்கலாம். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்புதான் வைக்க வேண்டும்.

கரையின் நடுவில் வெள்ளைத் துண்டோடு ஊர்த் தலைவர், அம்பலகாரர் ஆவுடையப்பன் நின்றார். அவர் துண்டை வீசினால்தான் இறங்கலாம். அதற்கு முன்னால் யாராவது கால் வைத்தால் தொலைந்தார்கள்.

"வழிவிடுங்கய்யா, சந்தைக்குப் போகணும்!" என்று வீரய்யா கத்தினார்.

"துண்டு வீசுற வரைக்கும் கரையில ஒரு சக்கரம் நகரக் கூடாது. அதிர்ச்சியில மீன் சேத்துக்குள்ள போயிரும்" என்றார் அம்பலகாரர்.

"பானைங்க... நேரமாச்சுங்க..."

"பானை என்ன, அழுகவா போகுது? ஒங்கப்பன் வெள்ளைச்சாமியா இருந்தா இந்நேரம் வேட்டிய மடிச்சுக் கட்டியிருப்பாரு. நீ யாருக்குய்யா பொறந்த?"

கூட்டம் சிரித்தது. வீரய்யா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு மேலே போய்ச் சுழன்றது. ஊரே ஒரே சத்தமாகக் கரையிலிருந்து சரிந்தது. கரை காலியானது, பாதை திறந்தது. வீரய்யா நாக்கை மேல்வாயில் ஒட்டினார். ஒட்டிய நாக்கை இழுப்பதற்குள், பின்னாலிருந்து நாகராசு பானை எதையும் தட்டாமல் தாவிக் குதித்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கண்மாய்க்குள் ஓடிவிட்டான்.

"எலேய் நாகராசு! ஏறி வாடா!"

நாகராசுவுக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை.

வீரய்யா இறங்கினார். மாட்டை அவிழ்க்கவில்லை. சக்கரத்துக்குக் கல்லும் வைக்கவில்லை. போன காலோடு வந்துவிடப் போகிறோம், எதற்கு?

"நீ வண்டியிலயே இரு தாயி. அண்ணனப் புடிச்சுட்டு வாரேன்."

"சரிங்க" என்றது சொர்ணம்.

சேற்றில் ஓடத் தெரிந்தவன் யாருமில்லை, மீனைத் தவிர. வீரய்யா நாலு எட்டு வைத்தார், ஐந்தாவதில் குப்புற விழுந்தார். எழுந்தபோது மீசை எது, சேறு எது என்று தெரியவில்லை. நாகராசுவின் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினால், காலுக்கிடையில் தடியாக ஒரு விரால் வழுக்கிக்கொண்டு போனது.

அந்த விரால் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் வீரய்யா மகனைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போயிருப்பார்.

"அப்பா, அங்கிட்டு! அங்கிட்டு!" என்று நாகராசு கத்தினான். யாரோ ஓர் ஊத்தாவை அவர் கையில் திணித்தார்கள். அவருடைய கை, கேட்காமலே, அதைச் சரியான இடத்தில் அமுக்கியது. வெள்ளைச்சாமி இதே கண்மாயில் வண்டியை நிறுத்தி, இதேபோல ஒரு பையனுக்கு அமுக்கக் காட்டிக்கொடுத்திருந்தார். பட்டினியை ஞாபகம் வைத்திருந்த வயிறு அதை மறந்துபோயிருந்தது. கை மறக்கவில்லை. உள்ளே கையை விட்டுத் துழாவினார். விரால் இல்லை, கெளுத்தி. கெளுத்திக்கு முள் உண்டு.

"அய்யோ ஆத்தா!"

விரலை வாயில் வைத்துக்கொண்டு அவர் ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்து நாகராசு சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான். "பஸ்ஸைத் தாண்டுன ஆளு, கெளுத்தியத் தாண்ட முடியல!" என்றான். மகன் மேல் ஒரு கை சேற்றை வாரி வீசினார் வீரய்யா. அவன் திருப்பி வீசினான். அது பக்கத்தில் நின்றவர் முதுகில் பட்டு, அவர் வேறு யார்மேலோ வீசி, அந்தப் பக்கமே ஒரே கூத்தாகிவிட்டது. சந்தை எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட வீரய்யாவுக்கு மறந்துபோனது.

அப்போதுதான் கரையோரம் பார்த்தார். சொர்ணம் வண்டியிலிருந்து இறங்கி, சரிவில் வழுக்கி, முழங்கால் சேற்றில் தனியாக நின்றது. சுற்றிலும் ஆட்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். எல்லாரும் ஒரே நிறம். யாருக்கும் முகமில்லை. பிள்ளை ஒவ்வொருவராகப் பார்த்தது. உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"சொர்ணம்! இந்தா இருக்கேன்!"

அந்த இரைச்சலில் குரல் எடுபடவில்லை. கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். சேற்றுப் பூதம் ஒன்று தன்னை நோக்கி வருவதைப் பார்த்த பிள்ளை வீரிட்டு, அவரை விலகித் தாண்டி ஆழத்துப் பக்கம் கால் வைத்தது.

வீரய்யா திரும்பி அப்படியே நின்றார். கிட்டப் போனால் பயப்படுகிறது. கத்தினால் கேட்கவில்லை. என்ன செய்வது என்று மூளை தேடிக்கொண்டிருக்கும்போதே, தெரிந்த ஒரே காரியத்தை நாக்கு செய்துவிட்டது.

டொக்.

பிள்ளை நின்றது. தலையைத் திருப்பியது. கோழி கூவும் நேரத்தில், அரைத் தூக்கத்தில், பிறந்ததிலிருந்து அது தினமும் கேட்ட சத்தம். பிதுங்கிய உதடு உள்ளே போனது. சேற்றுப் பூதத்தை உற்றுப் பார்த்தது. கண்ணைப் பார்த்தது. பூதம் சிரித்தது. பிள்ளையும் கொஞ்சமாகச் சிரித்தது.

வீரய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டொக் டொக் என்று இரண்டு போட்டார்.

இரண்டு டொக்கு என்றால் ஓடு. முதல் டொக்குக்கே கரைமேல் ஓர் எட்டு வைத்திருந்த மயிலைக்கும் செவலைக்கும் அது கேட்டது. எங்கே ஓடுவது என்று அவற்றுக்குச் சந்தேகமே இல்லை. சத்தம் வந்த இடத்துக்குத்தான். காதை விடைத்தன, கழுத்தைத் திருப்பின. பானை வண்டியை இழுத்துக்கொண்டு கரைச் சரிவில் கடகடவென்று இறங்கின. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. மேலடுக்குப் பானைகள் வானத்தில் எழும்பி, ஒவ்வொன்றாகக் கண்மாய்க்குள் இறங்கின.

வீரய்யா மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். பார்த்தது பிள்ளைதான்.

"அப்பா!" என்று அலறியது சொர்ணம். "மாடு வருது! ஓடியா! அப்பா, ஓடியா!"

மாடு வருகிறது, பானை உடைகிறது, ஊரே கத்துகிறது. வீரய்யா நகரவில்லை.

"என்ன தாயி சொன்ன?" என்றார்.

"மாடு!"

"அது இல்ல. அதுக்கு முன்னால."

"அப்பா, மாடு முட்டப் போகுதுப்பா!"

மயிலை முட்டவில்லை. சேற்றில் அச்சுவரை புதைந்து, வண்டி அவருக்குப் பின்னால் வந்து நின்றது. மாடு அவர் பிடரியில் மூச்சு விட்டது. அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சேற்றுக்கு நடுவில் சும்மா நின்றார். அது அவர் தலைமயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அம்பலகாரர் கரையிலிருந்து வாயைப் பிளந்தார். "வலையோட வந்தவனப் பாத்திருக்கேன், ஊத்தாவோட வந்தவனப் பாத்திருக்கேன். வண்டியோட மீன் புடிக்க எறங்குனவன இன்னிக்குத்தான்யா பாக்குறேன். வெள்ளைச்சாமி மகன்தான், சந்தேகமே இல்ல!"

ஊரே சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கரை ஏற்றியது. மண்ணில் செய்தது மண்ணிலேயே விழுந்ததால் பானைகளில் பாதிக்கு மேல் பிழைத்துக்கொண்டன. பிழைத்த பானை ஒன்றில் நாகராசு தண்ணீர் பிடித்து மீன்களை விட்டான். விரால் ஒன்று, கெண்டை கொஞ்சம், வீரய்யாவின் விரலைக் குத்திய கெளுத்தியும் அதில் இருந்தது. அதை அவன் விடாமல் தேடிப் பிடித்திருந்தான்.

சந்தைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது சொர்ணம் முன்னால், அவர் மடியில். வழியில் கொக்கு நின்றது, அப்பா என்றது, நிறுத்தினார். நாவல் மரத்தடியில் நவ்வாப்பழம் கொட்டிக் கிடந்தது, அப்பா என்றது, நிறுத்தினார். அதற்கப்புறம் சும்மாவே அப்பா என்றது. அதற்கும் நிறுத்தினார்.

சேற்றுக் கோலத்தில் மூன்று பேரும் இறங்கியதைப் பார்த்துக் காத்தாயி இடுப்பில் கை வைத்தாள். "இது யாரு? வண்டிக்காரவுகளா?"

"அப்பா" என்றது சொர்ணம், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

காத்தாயி அன்றைக்குச் சிரிக்கவில்லை. மீன் பானையை வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். வெங்காயம் உரிக்கிறேன் என்று வெகுநேரம் முகத்தைக் காட்டவில்லை. திருட்டுத்தனமாகப் பிள்ளைகளை ஏற்றிவிட்ட பாவத்துக்கு மூக்கன் மட்டும் தன் பானைகளைப் பார்த்துவிட்டு, "நானே வைக்கோலப் போட்டு மூடுனேன், யார்கிட்டப் போயி அழுவேன்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். விரால் குழம்பு ஒரு சட்டி போன பிறகுதான் எழுந்தார். அந்தச் சட்டியும் அவர் செய்ததுதான்.

அதன் பிறகு சந்தை நாளில் ஏதாவது ஒரு பிள்ளை வண்டியில் இருக்கும். சில நாள் இரண்டும் இருக்கும். பட்டினி ஒன்றும் வந்துவிடவில்லை. சந்தையில் நல்ல இடம் கிடைக்காத நாளில் ஓரத்தில் இடம் கிடைத்தது. ஓரத்துக்கும் பானை வாங்க ஆள் வந்தது. ஆனால் வேறொரு வினை வந்து சேர்ந்தது. சொர்ணம் அப்பா என்று கத்தும்போதெல்லாம் வீரய்யா கயிற்றை இழுத்து இழுத்து, மாடுகள் மூன்றாவதாக ஒரு பாடத்தைப் படித்துவிட்டன. ஒரு டொக்கு என்றால் நட. இரண்டு டொக்கு என்றால் ஓடு. அப்பா என்றால் நில். கத்துவது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கும் அளவுக்கு அவை படிக்கவில்லை.

ஒருநாள் இலுப்பூர்க் கடைத்தெருவில், ஒரு பலசரக்குக் கடை வாசலில், மூக்கு ஒழுக நின்ற ஒரு பொடியன் கடைக்குள் பார்த்து "அப்பா!" என்றான். கடைக்காரர் புளி நிறுத்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. தெருவில் போன மயிலையும் செவலையும் சட்டென்று நின்றுவிட்டன. பின்னால் வந்த கரிப்புகை பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்று, ஆரனை அமுக்கியது.

"ஓய், நிக்காத வண்டி!" டிரைவர் தலையை நீட்டினார். "நட்ட நடுத் தெருவுல ஏன்யா நிக்கிறே?"

"நான் எங்க நிக்கிறேன்? பிள்ளை கூப்பிடுதுல்ல."

"ஒம் பிள்ளையா?"

"இல்ல."

"பின்ன ஒனக்கென்னய்யா? ஓட்டு!"

"கொஞ்சம் பொறுங்க" என்றார் வீரய்யா. "அப்பன்காரன் திரும்பிப் பாக்கட்டும், போறேன்."

பொடியன் மறுபடியும் அப்பா என்றான். ஆரன் மறுபடியும் அலறியது. கடைக்காரர் தராசைப் பிடித்தபடி, என்ன சத்தம் என்று திரும்பினார். வாசலில் பையன். பையனுக்குப் பின்னால் இரண்டு மாடு, ஒரு வண்டி, ஒரு பஸ். எல்லாமாகச் சேர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் புளியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, பையனின் மூக்கைத் துண்டால் துடைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் டொக்.